காரணம் தெரியவில்லை

ஜனவரி 5, திங்கள்

மறுபடியும் அவளுடைய பாதிதான் வளர்ந்திருக்கிறது.

காலை ஒன்பதரைக்கு இன்குபேட்டரைத் திறந்ததும் என் டிஷ்ஷை எடுக்கவில்லை. அவளுடையதைத்தான் முதலில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதலாம். குட்டிக் குட்டியாக, உருண்டையாக, நெருக்கியடித்துக்கொண்டு இருநூறு முந்நூறு செல்கள். பார்த்ததும் வயிறு எரிந்தது. பிறகு என் டிஷ். ஏழே ஏழு செல்கள், பொரித்த முட்டை மாதிரி பரந்து கிடந்தன. செல் அப்படிப் பரந்துவிட்டால் அதன் கதை முடிந்தது. முதிர்ந்து உதிர்வதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது.

ஐந்து வருஷமாக இதே வேலை. கண்ணின் கறுப்பும் வெள்ளையும் சேரும் ஓரத்தில் ஒரு வளையம் இருக்கிறது. ஸ்டெம் செல்கள் குடியிருப்பது அங்கேதான். கருவிழியின் மேல்தோல் தேயத் தேய, இவைதான் புதுச் செல்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்போ ஆசிடோ பட்டு அந்த வளையம் வெந்துபோனால், கருவிழிமேல் வெள்ளைத் தோல் படர்ந்து பார்வை போய்விடும். தானமாக வரும் கண்ணில் நடுவட்டத்தை மாடியில் ஆபரேஷன் தியேட்டரில் எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சும் ஓர வளையம் கீழே எங்கள் லேபுக்கு வரும். நாங்கள் அதை ரிம் என்போம். அதிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து, டிஷ்ஷில் வளர்த்து, வெந்த கண்களுக்கு ஒட்ட முடியுமா என்பதுதான் கேள்வி.

வளர்ப்பதில்தான் தகராறு. விண்ட் என்று ஒரு சிக்னல். தூங்கு, எழுந்திரு, பெருகு என்று ஸ்டெம் செல்லுக்குச் சொல்வது அதுதான். பாட்டிலில் வாங்கி ஊற்றலாம். கொஞ்சம் ஊற்றினால் செல்கள் தூங்குகின்றன. கொஞ்சம் கூட ஊற்றினால் ஒரேயடியாக ஓடி முதிர்ந்துவிடுகின்றன. நடுவில் எவ்வளவு என்று ஐந்து வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அவளோ அக்டோபரில் வந்தவள். பெயர் பரிமளா, துறையூர்க்காரி, வயது முப்பத்தொன்பது. படித்து முடித்துக் கல்யாணம் செய்துகொண்டு பத்து வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, திரும்பவும் லேபுக்குள் நுழைந்திருக்கிறாள். டியூபில் தேதி எழுத மறப்பாள். தேதியில்லாத டியூபை அவள் கண்ணெதிரிலேயே நான் குப்பையில் போட்டிருக்கிறேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்பதால் நேரில் அக்கா, இங்கே அவள்.

அவள் வந்த நாளிலிருந்து எங்கள் லேப் தலைவர் கோதண்டராமன் சார் ஒரு விதி போட்டுவிட்டார். வரும் ஒவ்வொரு ரிம்மையும் கடிகாரம் போல வெட்டி, பன்னிரண்டிலிருந்து ஆறுவரை எனக்கு, ஆறிலிருந்து பன்னிரண்டுவரை அவளுக்கு. ஒரே மனிதரின் ஒரே கண். எனக்கு வந்த கண் சரியில்லை என்று சொல்லவும் வழியில்லை.

ஜனவரி 7, புதன்

அவள் டிஷ்ஷில் நானூறு தாண்டியிருக்கும். எண்ணக் கூடாது என்று நினைத்தும் எண்ணினேன்.

ஜனவரி 12, திங்கள்

சார் மீட்டிங் வைத்தார். மார்ச்சில் மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்களாம். அதற்குள் யாருடைய முறையில் செல்கள் நம்பகமாக வளர்கின்றனவோ, கட்டுரையில் அவர் பெயர் முதலில். ஏப்ரலிலிருந்து மூன்று வருஷ வேலையும் அவருக்கே. வேலை ஒன்றுதான் இருக்கிறது.

"ரெண்டு பேரும் போட்டி போடறதா நினைக்காதீங்கம்மா" என்றார் சார். பிறகு யார் யாரோடு போட்டி போடுகிறார்களாம்?

பக்கெட்டை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். ஹாஸ்டலில் குளிக்க முக்கால் மணி நேரம்.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

செல்லுக்குப் பொங்கல் லீவு கிடையாது. ஒருநாள் விட்டு ஒருநாள் மீடியாவை, அதாவது செல் குடிக்கும் ஊட்டநீரை, மாற்றியே ஆக வேண்டும். லேபில் நான் மட்டும் இருப்பேன் என்று நினைத்துப் போனால் அவள் கிருமி புகாத கண்ணாடிக் கூண்டான ஹூட்டுக்குமுன் உட்கார்ந்திருந்தாள். தலையில் பூ வேறு.

"நித்திலா, ஹாஸ்டல்ல பொங்கல் போட்டாங்களா?"

"போட்டாங்கக்கா."

பொய். மெஸ் நேற்றே மூடியாகிவிட்டது. அவள் நம்பினாளோ இல்லையோ, வெளி அறைக்குக் கூட்டிப்போய் ஒரு டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். சர்க்கரைப் பொங்கல். நன்றாக இருந்தது. அதுகூட எரிச்சலாக இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டே, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். "உங்களுக்கு மட்டும் எப்படிக்கா வளருது?"

"எனக்கென்னப்பா தெரியும்? நீங்க ஒண்ணொண்ணா பிரிச்சு அழகா வைக்கிறீங்க. எனக்கு அந்த நிதானம் வரலை. சாயங்காலம் கொலாஜினேஸ்ல ஊறப் போட்டுட்டுப் போறேன். காலையில வந்து பார்த்தா கொத்துக் கொத்தா வருதுங்க. அப்படியே எடுத்து வெச்சுடறேன்."

கொலாஜினேஸ் திசுவை மெல்லக் கரைக்கும் நொதி. அவ்வளவுதான் அவள் ரகசியம். சோம்பேறித்தனம்! நான் மேல்தோலைத் தனியாக உரித்து, டிரிப்சின் போட்டு ஒவ்வொரு செல்லாகப் பிரித்து, ஒட்டிக்கொண்டு வரும் அடித்திசுச் செல்களை மூன்று முறை கழுவி எறிகிறேன். 'நித்திலா கை சுத்தம்' என்று சார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். இவளுடையது அழுக்கு வேலை. அந்த நானூறில் எத்தனை ஸ்டெம் செல், எத்தனை அழுக்கு என்று யாருக்குத் தெரியும்?

இதை எழுதும்போதே மனசுக்கு இதமாக இருக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

ரிம் வந்தது. ஆண், வயது 64. கண் வங்கிப் பெட்டியை வாங்கியதும் அவள் வழக்கம்போல அதன் மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அக்கா, க்ளவுஸ் போட்ட கையால கண்ணைத் தொடாதீங்க."

"தொடலப்பா, பக்கத்துல கொண்டு போனேன். அழுதுக்கிட்டே எடுத்துக் குடுத்த கண்ணு. சும்மா எப்படி வாங்கறது?"

எனக்கு ஆறு துண்டு, அவளுக்கு ஆறு துண்டு.

ஜனவரி 27, செவ்வாய்

அவளுடையது ஐந்தாம் நாளே கொத்தாக வந்துவிட்டது. என்னுடையதில் மூன்று செல்.

அம்மா கூப்பிட்டாள். வரன் ஒன்று வந்திருக்கிறதாம். ஏப்ரலில் வேலை உறுதியானதும் பேசலாம் என்றேன். உறுதியாகாவிட்டால் என்று அம்மா கேட்டாள். வைத்துவிட்டேன்.

டிசம்பர் ரிம்மில் அவள் மிச்சமாக வளர்த்த ஸ்லைடு ஒன்று குப்பைக்குப் போக இருந்தது. அதை எடுத்து என் பெட்டியில் வைத்தேன். குப்பைக்குப் போவதை எடுத்தால் திருட்டு ஆகாது. சாயம் போட்டுப் பார்த்துவிட்டால் அழுக்கு எவ்வளவு என்று படத்தோடு தெரிந்துவிடும். சார் மேசையில் வைத்தால் போதும், நான் வாயே திறக்க வேண்டாம்.

சிவப்புச் சாயம் அடித்திசுச் செல்களுக்கு. கையோடு கையாக இன்னொன்றும் சேர்த்தேன். விண்ட் சிக்னல் வந்து சேர்ந்த ஸ்டெம் செல்லில் ஒரு புரதம் உட்கருவுக்குள் போய் உட்காரும். அதற்குப் பச்சை. ஐந்து வருஷமாக என் ஸ்லைடுகளில் எல்லாம் அந்தப் பச்சையைத் தேடிப் பழகிவிட்டது, கை தானாகச் செய்கிறது.

ஜனவரி 28, புதன்

பார்த்தேன்.

சிவப்பு இருக்கிறது. எக்கச்சக்கமாக இருக்கிறது. நான் சொன்னது சரி, அவள் வேலை அழுக்குத்தான்.

பச்சையும் இருக்கிறது.

சிவப்புச் செல் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கே மட்டும் பச்சை. சிவப்பிலிருந்து நாலைந்து செல் தள்ளிப் போனால் பச்சை மங்குகிறது. இன்னும் தள்ளிப் போனால் பொரித்த முட்டை. திரும்பத் திரும்ப, கொத்துக் கொத்தாக, பதினோரு இடத்தில் பார்த்தேன். பதினோரு இடத்திலும் அப்படியே.

அதாவது சிக்னலைத் தருவது பக்கத்துச் செல்கள். பாட்டிலில் எவ்வளவு என்ற கேள்வியே தப்பு. இவை தொட்டுக்கொண்டு நிற்கும்போது துளித்துளியாக, வேண்டிய அளவில், வேண்டிய இடத்தில் கொடுக்கின்றன. நான் அவற்றை மூன்று முறை கழுவி பிளீச்சிங் வாளியில் ஊற்றிவிட்டு, சிக்னல் எங்கே எங்கே என்று ஐந்து வருஷமாகப் பாட்டிலில் தேடியிருக்கிறேன்.

ஐந்து வருஷம். கை சுத்தம்!

ஸ்லைடின் ஓரத்தில் பழக்கப்படி தேதியும் என் முதலெழுத்தும் போட்டு, பெட்டியில் கடைசிப் பள்ளத்தில் வைத்தேன். நாளைக்கு சாரிடம் சொல்ல வேண்டும்.

ஜனவரி 29, வியாழன்

சார் பெங்களூர் போயிருக்கிறார். செருப்பு வார் அறுந்துவிட்டது, தைக்கக் கொடுத்தேன்.

ஜனவரி 30, வெள்ளி

சார் வந்துவிட்டார். பிஸியாக இருந்தார்.

சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். கண்டுபிடித்தது நான். ஆனால் வளர்ந்தது அவள் முறையில். 'பரிமளா முறை' என்றுதான் பெயர் வரும். அவளுக்கு ஏன் வளர்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியாது. தெரியாதவளுக்கு முதல் பெயர், வேலை, எல்லாம். தெரிந்தவள் ஊருக்குப் போய் வரன் பார்க்க வேண்டியதுதான்.

ஒரு ஸ்லைடை வைத்து என்ன சொல்ல முடியும்? இன்னும் உறுதிசெய்ய வேண்டும்.

பிப்ரவரி 2, திங்கள்

சார் அவளைக் கூப்பிட்டு, "நோயாளி கண்ணுல வைக்கப் போறதும்மா, இவ்வளவு கலப்படம் இருந்தா ஆகாது. நித்திலாகிட்ட சுத்தமா பிரிக்கக் கத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார். அவராகத்தான் சொன்னார். நான் கேட்கவில்லை.

அவளுடைய டிஷ் படங்களைச் சனிக்கிழமை அவர் மேசையில் வைத்தது நான்தான். சாதாரணப் படங்கள், சாயம் போடாதவை. வைத்தது மட்டும்தான். பார்த்ததும் முடிவு செய்ததும் அவர்.

பிப்ரவரி 3, செவ்வாய்

கற்றுக்கொடுத்தேன். ஒரு குறையும் வைக்காமல் கற்றுக்கொடுத்தேன். சொல்லிக்கொடுப்பதில் கஞ்சத்தனம் செய்கிறவள் இல்லை நான்.

பழகுவதற்காகப் பழைய ரிம்மின் துணுக்குகளை எடுத்துக்கொண்டோம். அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். "பிப்பெட்டை இப்படிச் சாய்ச்சுப் பிடிங்கக்கா" என்று நானே பிடித்துக் காட்டினேன்.

"மூணு தடவையாப்பா கழுவணும்?"

"மூணு தடவை. ஒட்டிக்கிட்டு வர்றது ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

மூன்றாவது முறை கழுவிய நீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். லேசாகக் கலங்கலாக இருந்தது. "பாவம், இதுங்க எதுக்குத்தான் கூடவே வருதுங்களோ" என்றாள். நான் வாளியை அவள் பக்கம் நகர்த்தினேன். வாளியில் ஊற்றினாள்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. ஐந்து வருஷமாக நான் செய்வதைத்தான் சொன்னேன். "யாரும் இவ்வளவு பொறுமையா சொல்லித் தந்ததில்லப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

எடுக்கும் எதிலும் முதலில் தேதியைப் பாருங்கள் என்றும் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

பிப்ரவரி 5, வியாழன்

ரிம். பெண், 71. ஆறுக்கு ஆறு. இருவரும் சுத்தமாக.

பிப்ரவரி 12, வியாழன்

இரண்டு பாதியும் வளரவில்லை. தானக் கண் பதிவேடு என் பொறுப்பு. 'முடிவு' என்ற கட்டத்தில் எழுதினேன்: வளரவில்லை. காரணம் தெரியவில்லை.

இன்று மெஸ்ஸில் இட்லி. நாலு சாப்பிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது.

பிப்ரவரி 13, வெள்ளி

ரிம். ஆண், 38. பைக் விபத்தாம். பெட்டியைக் கொடுக்க வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். பரிமளா பெட்டியிலிருந்த சீட்டை இரண்டு முறை படித்தாள்.

"என் வயசுப்பா. ஒரு வயசு கம்மி."

அப்போது சொல்லியிருக்கலாம். 'அக்கா, கழுவாதீங்க' என்று இரண்டு வார்த்தை. பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே கழுவினாள். நானும் என் ஆறு துண்டைக் கழுவினேன். நானும்தானே கழுவினேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

வளரவில்லை. காரணம் தெரியவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

அவள் பூ வைப்பதை நிறுத்திவிட்டாள். மல்லிகைப்பூ மணம் செல்லுக்கு ஆகாதோ என்று யாரிடமோ கேட்டிருக்கிறாள். வளையலைக் கழற்றிவிட்டாள். சோப்பை மாற்றினாள். ஹூட்டுக்கு முன்னால் உட்காருமுன் முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள், தோல் சிவந்து வெடித்திருக்கிறது.

"என் கைல ஏதோ ஆயிடுச்சுப்பா. முன்னாடி தெரியாம பண்ணப்ப வந்துச்சு. இப்ப ஒழுங்கா கத்துக்கிட்டுப் பண்றேன், வரமாட்டேங்குது."

"சில சமயம் அப்படி ஆகும்கா."

"வீட்டுல அவரு சொல்றாரு, பத்து வருஷம் கேப் விட்டவளுக்கு இதெல்லாம் சரிப்படாது, பேசாம வந்துடுன்னு. சரிதானோன்னு இருக்கு."

நான் என்ன நினைத்திருந்தேன் என்றால், அவள் தோற்றால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று. இரண்டு நாள் இருந்தது. பிறகு பார்த்தால், தோற்றுக்கொண்டிருக்கும்போதும் அவள்மேல் பொறாமையாகத்தான் இருக்கிறது. அவளுக்குத் தன்னைத் திட்டிக்கொள்ள முடிகிறது. வாய்விட்டு அழ முடிகிறது.

மார்ச் 2, திங்கள்

பார்வையிடுவதற்கு முன் இது கடைசி ரிம். பெண், 55. அவள் தன் ஆறு துண்டையும் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"முழுசையும் நீங்களே பண்ணுங்க நித்திலா. என் கைல வீணாப் போக வேணாம். ஒப்பந்தம் முடியறவரைக்கும் நான் கண்ணாடிச் சாமான் கழுவறேன்."

வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். ஒரே தடவை.

ஆறு துண்டை என் வழக்கப்படி சுத்தமாகப் பிரித்தேன். மற்ற ஆறை அவள் போன பிறகு கொலாஜினேஸில் ஊறப் போட்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

கொத்துக் கொத்தாக வந்தன. கழுவாமல் அப்படியே எடுத்து வைத்தேன். பழக்கதோஷம், கை மூன்று முறை வாளிப் பக்கம் போய்த் திரும்பியது.

மார்ச் 10, செவ்வாய்

வளர்ந்துவிட்டன. சுத்தமான பாதியில் நாலு செல். அழுக்குப் பாதியில் எண்ண முடியவில்லை. சார் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும், "அஞ்சு வருஷம்மா!" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பக்கத்துச் செல்கள், சிக்னல், எல்லாவற்றையும் விளக்கினேன். போன வாரம்தான் தோன்றியது போலச் சொன்னேன்.

பரிமளா குடுவைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வந்து பார்த்தாள்.

"இது என் பழைய முறை மாதிரியே இருக்கேப்பா" என்றாள்.

"ஆமாக்கா. உங்க முறையைத்தான் திருப்பிப் பண்ணிப் பார்த்தேன்."

"அப்ப என் கைல ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்லக்கா."

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்! அவளுக்குக் கோபமே வரவில்லை போலும் என்று நினைத்து, அதற்கும் பொறாமைப்பட்டேன்.

மார்ச் 11, புதன்

பெங்களூரில் இன்னொரு லேபும் இதையே நெருங்கிவிட்டதாம். பிப்ரவரி நடுவில் பார்த்ததாகச் சொல்கிறார்களாம். சார் பதறிப்போய் வந்தார். "நீ இதை முதன்முதலா எப்ப பார்த்த? ஏதாவது சின்னதா, தேதி போட்ட ஆதாரம் இருந்தாகூடப் போதும்மா. வெள்ளிக்கிழமை மீட்டிங்ல வெச்சுடலாம்."

பெட்டியில் கடைசிப் பள்ளத்தில் இருக்கிறது. 28.1. என் கையெழுத்தில்.

அதை வைத்தால் நாங்கள் முந்தி. என் பெயர் முதலில், அதில் யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது. ஆனால் கற்றுக்கொடுத்தது 3.2.

அவள் தேதி பார்க்கிற ஆளில்லை. தன் டியூபிலேயே எழுத மறக்கிறவள்.

மார்ச் 13, வெள்ளி

வைத்தேன்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வைத்தேன் என எழுதினால் நன்றாக இருக்கும். முதல் பெயருக்காகத்தான் வைத்தேன்.

சார் ஸ்லைடை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, "ஜனவரியிலேயேவா! அடேயப்பா, வாய் திறக்கலையே நீ!" என்று கை தட்டினார். ஸ்லைடு மேசையைச் சுற்றி வந்தது. பரிமளாவின் கைக்குப் போனது. அவள் மற்றவர்களைப்போல நடுவில் இருந்த சாயத்தைப் பார்க்கவில்லை. முதலில் ஓரத்தைப் பார்த்தாள். எடுக்கும் எதிலும் முதலில் தேதியைப் பாருங்கள் என்று சொன்னது யார்?

சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். பிறகு அவளுடைய சின்ன நோட்டைத் திறந்து, பிப்ரவரி மூன்றாம் தேதிப் பக்கத்தை எடுத்து, அதன்மேல் ஸ்லைடை வைத்து, இரண்டு தேதிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. சார் பேசிக்கொண்டே இருந்தார். அவள் ஸ்லைடை அடுத்தவரிடம் தந்தாள்.

என்னை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

மார்ச் 14, சனி

காலை பத்து மணிக்கு லேபில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். பரிமளாக்கா தானக் கண் பதிவேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். பிப்ரவரிப் பக்கம் திறந்திருந்தது.

"உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு மூணாவது தடவை கழுவுன தண்ணியைத் தூக்கிப் பார்த்தேனே, ஞாபகம் இருக்கா? இதுங்க எதுக்குக் கூடவே வருதுங்களோன்னு கேட்டேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

"அக்கா, அப்ப எனக்கு உறுதியா தெரியாது. ஒரே ஒரு ஸ்லைடு..."

"உறுதியா தெரியலைன்னா கேட்டிருக்கலாமில்ல. ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்திருக்கலாம். நானும் படிச்சவதான் நித்திலா."

"உங்க பேரை முதல்ல போடச் சொல்றேன்கா" என்றேன். "சார்கிட்ட இப்பவே பேசறேன். வேலையும்..."

"பேரு எனக்கெதுக்கு?" என்றார். குரல் உயரவில்லை. "என்னை ஏமாத்துனீங்க, அது நமக்குள்ள. பதினெட்டு நாள் என் கையை நானே வெறுத்தேன், அதையும் விடுங்க. இது யாரு கண்ணு?" பதிவேட்டில் விரலை வைத்தார். "எழுபத்தொண்ணு. முப்பத்தெட்டு. அவங்க வீட்டுக்காரங்க யாருக்காவது உதவும்னுதானே எடுத்துக் குடுத்தாங்க? ரெண்டு பேரும் கழுவி ஊத்துனோம். நான் தெரியாம ஊத்துனேன். நீங்க தெரிஞ்சே ஊத்துனீங்க. அதுக்கு எதிர்ல என்ன எழுதியிருக்கீங்க, படிங்க."

படித்தேன். என் எழுத்து, அழகாகத்தான் இருந்தது. வளரவில்லை. காரணம் தெரியவில்லை.

"மாத்தி எழுதுங்க" என்று பேனாவை நீட்டினார்.

பதிவேட்டில் வெள்ளை மை தடவக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதியதை ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும். அடித்ததும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இந்த விதியைச் சொல்லித்தருவதும் நான்தான். திங்கட்கிழமைதோறும் சார் இந்தப் பதிவேட்டை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். முதல் பெயர், மூன்று வருஷ வேலை, அம்மாவிடம் சொன்ன ஏப்ரல், எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் போய்விடும் என்று எனக்குத் தெரியும். பரிமளாக்காவுக்கும் தெரியும். அவசரப்படுத்தாமல் நின்றுகொண்டிருந்தார். முழங்கையில் வெடித்த தோல் இன்னும் ஆறவில்லை.

'காரணம் தெரியவில்லை' என்பதன்மேல் கோடு போட்டேன். பக்கத்தில் எழுதினேன்: காரணம் தெரியும். சிக்னல் தரும் பக்கத்துச் செல்களைக் கழுவி நீக்கியதால் வளரவில்லை. இது ஜனவரி 28 முதல் எனக்குத் தெரியும், பரிமளாவிடம் சொல்லவில்லை. கையெழுத்து. 14.3.

கடைசி வரி கோணலாகிவிட்டது. பேனாவை மூடி வைத்தேன். அழுகை வந்தது, அவர் முன்னால் அழ வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பரிமளாக்கா குனிந்து, எழுதியதை முழுக்கப் படித்தார். பிறகு மூடிய பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடியும் என் கையில் கொடுத்தார்.

"இது எழுபத்தொண்ணுக்கு" என்றார். "முப்பத்தெட்டு கீழ இருக்கு."

எழுதினேன்.